அரியணை இல்லாத அரச குடும்பத்தில் தலைவர் இறந்தால் கைமாறுவது எது? லூயி ஃபெர்டினாண்டின் மரணத்தை முன்வைத்து

1. மையொற்றி எழுதியது:

ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் பேரனான லூயி ஃபெர்டினாண்ட், 1994 செப்டம்பர் 25 அன்று பிரேமன் நகரில் தமது 86ஆம் வயதில் காலமானார். தந்தையான முன்னாள் பட்டத்து இளவரசர் வில்ஹெல்ம் 1951இல் ஹெஷிங்கனில் இறந்தது முதல், ஏறத்தாழ 43 ஆண்டுகள் ஹோஹென்சொல்லர்ன் குடும்பத்தின், ஜெர்மனியின் முன்னாள் முடியரசான பிரஷ்யாவை ஆண்ட கிளைக்கு அவரே தலைவராக இருந்தார். அவருக்குப் பின் தலைமை பதினெட்டே வயதான பேரன் கியோர்க் ஃபிரீட்ரிஷுக்குச் சென்றது. மூத்த மகன்கள் இருவர் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

லூயி ஃபெர்டினாண்ட் பிறந்தது 1907 நவம்பர் 9. அவருடைய பதினோராம் பிறந்த நாளன்றுதான், அதாவது 1918 நவம்பர் 9 அன்று, பாட்டனார் முடிதுறந்துவிட்டார் என்று பெர்லினில் அறிவித்தார்கள். மறுநாளே பேரரசர் நெதர்லாந்துக்குப் போய்விட்டார். ஆக, இந்த மனிதர் ஒரு நாள்கூட ஆட்சி செய்ததில்லை; முடி சூடியதும் இல்லை. அப்படியிருக்க, அவர் இறந்த அன்று அவரிடமிருந்து பேரனுக்குப் போனது என்ன? ‘தலைமை’ என்று செய்தித்தாள்கள் எளிதாக எழுதிவிட்டுப் போகின்றன. அந்தச் சொல்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

2. வழக்குரை எழுதியது:

சட்டத்தின் கண்ணில் அதற்குள்ளே ஒன்றுமே இல்லை. முடியாட்சிக்குப் பின் வந்த குடியரசின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு, தன் 109ஆம் பிரிவில், பிறப்பினால் வரும் பொதுச்சட்டச் சலுகைகள் அனைத்தையும் நீக்கியது. பிரபுத்துவப் பட்டங்கள் இனிமேல் பெயரின் ஒரு பகுதியாக மட்டுமே செல்லும் என்றும், புதிதாக எவருக்கும் வழங்கப்படக் கூடாது என்றும் அது சொல்லிவிட்டது. இன்றைக்கும் அந்த விதி சாதாரணச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் குடும்பத்தாரின் கடவுச்சீட்டில் ‘பிரஷ்யாவின் இளவரசர்’ என்பது குடும்பப் பெயராக நிற்கிறது. அண்டை நாடான ஆஸ்திரியா, அதே 1919இல், இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெயரிலிருந்தே அதைக் களைந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பட்டம் வெறும் பெயராகிவிட்டதால், தத்து எடுப்பதன் மூலம் அது கைமாறலாம். இரண்டாம் வில்ஹெல்மின் கடைசி மகன் யோவாஹிமை மணந்திருந்த அன்ஹால்ட் இளவரசி, 1980இல் தம் முதிய வயதில் நடுத்தர வயதுக்காரர் ஒருவரைத் தத்தெடுத்துக்கொண்டார். அவரும் சட்டப்படி இளவரசர் ஆனார். பின்னர் ஒரு ஹாலிவுட் நடிகையை மணந்தார். எந்த அரச குடும்பமும் அவரைத் தம்மவராக ஏற்கவில்லை, ஆனால் பெயரை யாராலும் பிடுங்கவும் முடியவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கைமாறியது சொத்து. அதை மாற்றியது ஓர் ஆவணம்.

அந்த ஆவணம் 1938 நவம்பரில் எழுதப்பட்டது. பட்டத்து இளவரசர் வில்ஹெல்மும் இரண்டாம் மகன் லூயி ஃபெர்டினாண்டும், நெதர்லாந்தின் டூர்ன் என்ற ஊரில் அப்போது உயிரோடிருந்த பழைய பேரரசரின் ஒப்புதலோடு, ஒரு வாரிசு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதன்படி லூயி ஃபெர்டினாண்ட் ‘முன்வாரிசு’. அவருக்குப் பின் யார் பெற வேண்டும் என்பதும் அதிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஜெர்மானியச் சட்டத்தில் முன்வாரிசு என்பவர் சொத்தை அனுபவிக்கலாம், மனம்போல் பிறருக்குக் கொடுத்துவிட முடியாது. அடுத்தவரான ‘பின்வாரிசு’க்காக அதைக் காத்து வைத்திருக்க வேண்டும். இந்தப் பின்வாரிசு குடும்பத்தின் பழைய விதிகளுக்கு ஏற்ற திருமணத்தில் பிறந்தவராகவும், அத்தகைய திருமணத்திலேயே வாழ்பவராகவும் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். அதாவது, மனைவி சமகுலத்தவராக, ஆண்ட குடும்பங்களின் வட்டத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். முடியாட்சி போய் இருபது ஆண்டுகள் ஆன பிறகு எழுதிய நிபந்தனை இது.

3. கீழைவாசல் எழுதியது:

நண்பர் வழக்குரை சொல்வதில் பிழை இல்லை. ஆனால் பத்திரத்தை மட்டும் படித்தால் அந்தக் குடும்பத்தில் நடந்தது புரியாது.

லூயி ஃபெர்டினாண்ட் மூத்த மகன் அல்லர். அவருக்கு மேலே வில்ஹெல்ம் என்ற அண்ணன் இருந்தார். அந்த அண்ணன் 1933இல் டொரோதேயா ஃபான் சால்வியாட்டி என்ற பெண்ணைக் காதலித்து மணந்தார். அவர் பிரபுக் குடும்பத்துப் பெண்தான், ஆண்ட குடும்பத்துப் பெண் அல்லர். அந்த ஒரு காரணத்துக்காக அண்ணன் தம் வாரிசுரிமையைத் துறக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பி, எதிர்பாராமல் வாரிசாக்கப்பட்டார். 1938இல் அவர் ருஷ்ய அரச குடும்பத்துக் கீராவை மணந்தபோது விதி சரியாகப் பொருந்தியது. அதே ஆண்டில்தான் அந்த ஒப்பந்தமும் எழுதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அண்ணன் 1940 மே மாதம் பிரான்சில் போரில் காயமுற்று இறந்தார். பொட்ஸ்டாமில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஐம்பதாயிரம் பேர் அளவில் திரண்டார்கள். உரிமையைத் துறந்த, பதவி ஏதும் இல்லாத ஓர் இளவரசனின் சவப்பெட்டிக்குப் பின்னால் அத்தனை பேர் நடந்ததைக் கண்டு ஹிட்லர் மிரண்டுபோனார். அதற்குப் பிறகு, முன்பு ஆண்ட குடும்பங்களின் இளவரசர்கள் போர்முனைக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ‘சட்டப்படி அதில் ஒன்றுமே இல்லை’ என்று சொல்லும்போது இந்த ஐம்பதாயிரம் பேரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்து நடந்ததுதான் என் மனத்தை உறுத்துவது. அண்ணனைத் தள்ளிய விதியால் தலைமைக்கு வந்த லூயி ஃபெர்டினாண்டின் மூத்த மகன்கள் இருவரும், ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்மும் மிஷாயேலும், 1960களில் சமகுலம் அல்லாத பெண்களை மணந்து அதே விதியால் வெளியேறினார்கள். விதிப்படி மணந்த மூன்றாம் மகன் 1977இல் ராணுவப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார். அவருடைய குழந்தைக்கு அப்போது ஒரு வயது. அந்தக் குழந்தைதான் 1994இல் பதினெட்டு வயதில் குடும்பத் தலைவரான கியோர்க் ஃபிரீட்ரிஷ்.

4. மையொற்றி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அந்த மூத்த மகன்கள் இருவரும் தகப்பனார் இறந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்களா?

5. வழக்குரை எழுதியது:

இல்லை. பதினோரு ஆண்டுகள் வழக்கு நடந்தது. நான் இந்த இழைக்குள் வந்ததே அதைப் பற்றி எழுதத்தான்.

துறந்தது துறந்ததுதானே என்று தோன்றும். ஆனால் மூத்தவர் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம், அந்தச் சமகுல நிபந்தனையே செல்லாது, ஆகவே பாட்டனாரின் சொத்துக்குத் தாமே பின்வாரிசு என்று வாதிட்டார். எதிரே நின்றவர் அண்ணன் மகன்கூட அல்லர், தம்பி மகன். கீழ் நீதிமன்றங்கள் மூத்தவருக்குச் சாதகமாகவும் ஒரு கட்டத்தில் சாய்ந்தன. ஆனால் கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 1998 டிசம்பரில், தன் சொத்தை யாருக்கு, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பது எழுதியவரின் உரிமை என்று சொல்லி அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. அவ்வளவில் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2004 மார்ச்சில் அதே கார்ல்ஸ்ரூ நகரத்தின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. இந்தத் தீர்ப்பின் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உயில் எழுதும் உரிமையையும் அரசியலமைப்பு காக்கிறது, விரும்பியவரை மணக்கும் உரிமையையும் காக்கிறது. இரண்டும் மோதும்போது சொத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். சிறு தொகை என்றால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மனத்துக்குப் பிடித்தவரை மணந்துகொள்ளலாம். இவ்வளவு பெரிய சொத்தை ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டில் மிகச் சிறிய வட்டத்துக்குள்ளேதான் மனைவியைத் தேட வேண்டும் என்று வைத்தால், அது வாரிசின் திருமண முடிவின் மீது தாங்க முடியாத அழுத்தமாக ஆகுமா என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை என்று அது குறை கண்டது. அரியணைக்கு யார் வருவது என்பதை ஒழுங்கு செய்யத்தான் அந்த விதி தோன்றியது. அரியணையே போன பிறகு அந்த நோக்கத்தை இன்னும் காரணமாகக் காட்ட முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

ஆனால் வழக்கின் முடிவு வேறு மாதிரி அமைந்தது. 2005இல் கியோர்க் ஃபிரீட்ரிஷே வாரிசு என்று தீர்ப்பானது. மற்றப் பிள்ளைகளுக்கு, ஜெர்மானியச் சட்டம் எந்தப் பிள்ளையிடமிருந்தும் எளிதில் பறிக்க விடாத கட்டாயப் பங்கு கிடைத்தது. அவ்வளவே.

6. நீலமலர் எழுதியது:

நீதிமன்றத்தை இவ்வளவு பாராட்ட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொந்த உழைப்பில் கட்டிய வீட்டை, என் பேச்சைக் கேட்டு நடக்கும் மகனுக்குத்தான் கொடுப்பேன் என்றால் அதில் நீதிபதிக்கு என்ன வேலை? மணக்க வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை; மணந்தால் சொத்து இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த இரண்டு மகன்களும் தெரிந்தேதான் கையெழுத்திட்டார்கள். பெண்டாட்டியும் வேண்டும், சொத்தும் வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் கழித்து வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அந்தக் கட்டைத் தளர்த்திய பிறகு, 2011 ஆகஸ்டில் கியோர்க் ஃபிரீட்ரிஷ் யாரை மணந்தார்? ஈசன்பூர்க் குடும்பத்து இளவரசி சோஃபியை, பொட்ஸ்டாமின் அமைதித் தேவாலயத்தில் மணந்தார். பழைய ஒப்பந்தக்காரர்கள் உயிரோடு இருந்திருந்தாலும் குறை சொல்ல முடியாத திருமணம் அது. சட்டம் விட்டாலும் வழக்கம் விடவில்லை, அல்லது அவருக்கு உண்மையாகவே அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. இரண்டில் எது என்று வெளியிலிருந்து நாம் சொல்வது முறையும் ஆகாது.

7. வழக்குரை எழுதியது:

சொந்த உழைப்பில் கட்டிய வீடு என்றீர்களே, அம்மா, அங்கேதான் உதாரணம் சறுக்குகிறது. அரசும் குடும்பமும் ஒன்றாக இருந்த காலத்தில் சேர்ந்த சொத்து அது. எது மன்னருடையது, எது நாட்டினுடையது என்று பிரிப்பதற்கே எட்டு ஆண்டுகள் ஆயின. இதைப் பழையஏடு அவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்.

8. பழையஏடு எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1918இல் அரச குடும்பங்களின் சொத்தை முடக்கினார்களே ஒழிய, பறிமுதல் செய்யவில்லை. ஒரு காசு இழப்பீடும் இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து கேட்க, 1926 ஜூன் 20 அன்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் தகுதியுள்ள வாக்காளர்களில் பாதிப்பேர், அதாவது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர், ஆம் என்றால்தான் செல்லும் என்ற நிலை இருந்ததால் அது தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் பிரஷ்ய அரசு குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அரண்மனைகள் பல அரசுக்குப் போயின, நிலங்களும் வேறு சிலவும் குடும்பத்திடம் தங்கின. தங்கியவற்றில் பெரும்பகுதி நாட்டின் கிழக்கே இருந்ததால், 1945க்குப் பின் சோவியத் ஆக்கிரமிப்பில் பறிபோனது.

இனி, லூயி ஃபெர்டினாண்ட் இறந்த நாளுக்கு வருவோம். அவர் இறந்தது 1994 செப்டம்பர் 25. இரண்டே நாள் கழித்து, செப்டம்பர் 27 தேதியிட்டு, சோவியத் ஆக்கிரமிப்புக் காலத்தில் சொத்து இழந்தவர்களுக்கு ஈடு வழங்கும் சட்டம் ஜெர்மனியில் வந்தது. அவர் கண்ணை மூடிய வாரத்தில் ஒரு கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவில் ஒரு பூட்டும் இருந்தது. சொத்தை இழந்தவர் நாட்சி ஆட்சிக்குக் குறிப்பிடத்தக்க அளவில் துணை நின்றிருந்தால் அவருடைய வாரிசுகளுக்கு ஒன்றும் கிடையாது.

கேள்வி லூயி ஃபெர்டினாண்டைப் பற்றியது அன்று, அவருடைய தந்தையைப் பற்றியது. பட்டத்து இளவரசர் 1932 குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஹிட்லருக்கே தம் வாக்கு என்று வெளிப்படையாக அறிவித்தார். 1933 மார்ச் 21 அன்று ஹிட்லர் அரங்கேற்றிய ‘பொட்ஸ்டாம் நாள்’ விழாவிலும் கலந்துகொண்டார். இது குறிப்பிடத்தக்க துணையா, அல்லது செல்லாக் காசின் ஆரவாரமா என்று வரலாற்றாசிரியர்கள் நால்வர் தனித்தனியே அறிக்கை எழுதினார்கள். இருவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம் என்றே அவை முதலில் நின்றன. பிராண்டன்பூர்க் மாநிலம் 2015இல் ஈட்டுத்தொகை கொடுக்க மறுத்தது. கேட்ட தொகை ஏறத்தாழ 12 லட்சம் யூரோ. வழக்குக்குப் போன கியோர்க் ஃபிரீட்ரிஷ், 2023இல் தாமாகவே அதைத் திரும்பப் பெற்றார். அருங்காட்சியகங்களில் இருக்கும் கலைப்பொருள்கள் பற்றிய தகராறுக்கு 2025இல்தான் உடன்பாடு வந்தது.

ஆகவே மையொற்றி அவர்களே, பேரனுக்குக் கைமாறியதில் கொள்ளுத்தாத்தாவின் வாக்குச்சீட்டும் ஒன்று.

9. கீழைவாசல் எழுதியது:

ஒரு சிறு விளக்கம்: கியோர்க் ஃபிரீட்ரிஷுக்குப் பட்டத்து இளவரசர் கொள்ளுத்தாத்தா என்பது சரிதான். பேரரசர் அதற்கும் மேலே ஒரு தலைமுறை. பலர் இதில் குழம்புகிறார்கள் என்பதால் குறிப்பிட்டேன்.

10. தேடலன் எழுதியது:

எல்லாவற்றையும் சொத்தில் கொண்டுபோய் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மனியின் இன்னொரு பழைய முடியரசான சாக்ஸனியைப் பாருங்கள்.

அந்தக் குடும்பத் தலைவர் மரியா எம்மானுவேல், 2012 ஜூலை 23 அன்று சுவிட்சர்லாந்தில் 86ஆம் வயதில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. முதலில் வாரிசாக நினைத்திருந்த, தங்கை ஒருவரின் மகன் 1987இல் மலையேறும்போது இறந்துபோனார். பிறகு தம் இன்னொரு தங்கையின் மகன் அலெக்சாண்டரைத் தத்தெடுத்தார். அலெக்சாண்டரின் தந்தை லெபனானிய மரபில் வந்தவர். 1997இல் குடும்பத்தார் இந்த ஏற்பாட்டுக்குக் கையெழுத்திட்டார்கள். 2002இல் அவர்களில் மூவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். மரியா எம்மானுவேல் இறந்ததும் அவருடைய தம்பி ஆல்பெர்ட், தலைவர் தாமே என்றார். சரியாக எழுபத்தைந்தாவது நாள் அவரும் இறந்தார். அதன் பிறகு, ஆண்வழியில் பிறந்த, ஆனால் சமகுலம் அல்லாத தாய்க்குப் பிறந்த ரூடிகர் ஒரு பக்கமும், தத்தெடுக்கப்பட்ட அலெக்சாண்டர் மறுபக்கமும் நின்றார்கள். ரூடிகர் 2022இல் இறந்தும் அந்தக் கேள்வி தீரவில்லை.

இதில் அடிபட்டது ‘மைஸ்ஸென் மார்கிரேவ்’ என்ற பட்டப்பெயர், ஒரு சொல். நண்பர் வழக்குரை காட்டிய 109ஆம் பிரிவின்படி அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. எந்த நீதிமன்றமும் அதைத் தீர்த்துவைக்காது. இருந்தும் வயதான மனிதர்கள் அதற்காக ஒருவரோடொருவர் பேச்சை முறித்துக்கொண்டார்கள். நீதிமன்றம் தீர்க்க முடியாது என்பதாலேயே இந்தச் சண்டைகள் முடிவதில்லை என்பது என் எண்ணம். பிரஷ்யர்களுக்குக் கார்ல்ஸ்ரூ இருந்தது, அவர்கள் தப்பித்தார்கள்.

11. வழக்குரை எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். ‘ஒன்றுமே இல்லை’ என்று நான் எழுதியதைச் ‘சட்டம் தொடக்கூடியது ஒன்றுமே இல்லை’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முன்னாள் ஜெர்மானிய அரச குடும்பமான வ்யூர்ட்டெம்பெர்க் குடும்பத்திலும் இதே பழைய விதியின் தடம் இருக்கிறது. 2022 ஜூன் 7 அன்று இறந்த கார்ல், இரண்டாம் மகன். அவருடைய அண்ணன் 1959இல் உரிமையைத் துறந்ததால் தலைமை அவருக்கு வந்தது. கார்லின் மூத்த மகன் 2018இல் சாலை விபத்தில் இறந்துவிட்டதால், அங்கேயும் பேரன்தான் அடுத்த தலைவர். ஆனால் அங்கே வழக்கு எதுவும் எழவில்லை.

12. மையொற்றி எழுதியது:

கேள்வி கேட்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். இந்த இழை ஓடிக்கொண்டிருந்தபோது, போன சனிக்கிழமை, ஹெஷிங்கனுக்குப் போய் ஹோஹென்சொல்லர்ன் கோட்டைக்கு ஏறினேன். கீழே வண்டியை நிறுத்திவிட்டுச் சிறு பேருந்தில் பாதி, நடந்து மீதி. கருவூலத்தில் இரண்டாம் வில்ஹெல்முக்காக 1889இல் செய்த பிரஷ்ய மணிமுடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, உச்சியில் நீலக்கல்லோடு. முடிசூட்டு விழாவே நடக்காததால் அதைச் சூடியவர் எவரும் இல்லை. கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரஷ்ய மன்னர் மகா ஃபிரீட்ரிஷின் சவப்பெட்டியும் ஒரு காலத்தில் இந்தக் கோட்டையில்தான் இருந்தது. போர்க்காலத்தில் பொட்ஸ்டாமிலிருந்து எடுத்து, உப்புச் சுரங்கத்தில் ஒளித்து, மார்பூர்க் வழியாக இங்கே கொண்டுவந்தார்கள். 1991 ஆகஸ்டில் சான்சூசி அரண்மனைத் தோட்டத்துக்கு, மன்னர் தாமே கேட்டிருந்தபடி அவருடைய நாய்களின் அருகே, அதைக் கொண்டுபோய் அடக்கம் செய்தபோது லூயி ஃபெர்டினாண்டுக்கு 83 வயது.

அவரோ கோட்டையின் புனித மிக்கேல் கொத்தளத்தில், 1967இல் இறந்த மனைவி கீராவின் பக்கத்தில் இருக்கிறார். அங்கே நான் போனபோது எனக்கு முன்னால் ஒரு பெரியவர் மட்டும் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யாருக்காக என்று கேட்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டார்கள், அவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.